ஈரத்தலையில சீப்பு வைக்காதேங்கிற சட்டம் உங்க பொண்ணு முடிக்கு இல்லம்மா

கேள்வி:

டாக்டர், எனக்கு சொந்த ஊர் திருச்சி, பத்து வருஷமா லண்டன்ல நர்ஸா இருக்கேன். வீட்டுக்காரர் நைஜீரியாவுல இபாடன்காரர், யொருபா இனம். பொண்ணுக்கு ஆறு வயசு. ஒரு வயசுல சமயபுரத்துல மொட்டை போட்டோம், அதுவரைக்கும் அலை அலையா இருந்த முடி அதுக்கப்புறம் பேனா ஸ்பிரிங் மாதிரி இறுக்கமா சுருண்டுக்கிச்சு. தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் வைக்கிறேன், புதனும் சனியும் ஷாம்பூ போட்டு நல்லா காயவச்சு அப்புறம்தான் சீவுறேன். ஆனாலும் காலையில ஸ்கூலுக்கு முன்னாடி முக்கா மணி நேரம் அழுகை, சீப்பு முழுக்க உடைஞ்ச முடி. ரெண்டு வருஷமா காதுக்குக் கீழ வளரவே இல்ல. ரெட்டை ஜடை இறுக்கிப் போட்டு விடுறேன், இப்ப முன்நெத்தி ஓரம் ஏறிக்கிட்டே போகுது. அம்மா இன்னொரு மொட்டை போடு நேரா வளரும்ங்கிறாங்க. இங்க ஒரு சொந்தக்காரங்க முடியை நேராக்குற, சின்னப் பிள்ளைங்களுக்கான ரிலாக்ஸர்னு ஒரு டப்பா வாங்கிக் குடுத்திருக்காங்க. ஸ்கூல்ல முடியை நீட்டா அடக்கிக் கட்டி அனுப்பச் சொல்லி நோட்டு வந்திருக்கு. போன வாரம் பொண்ணு கேட்டா, என் முடி மட்டும் ஏம்மா உன் முடி மாதிரி கீழ விழ மாட்டேங்குதுன்னு. எனக்கு பதில் தெரியல. அடுத்த மாசம் மாமியார் வர்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?

பதில்:

வணக்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல இன்னிக்கு ராத்திரியே அந்த ரெட்டை ஜடையை அவுத்துடுங்க, குட்டி ரப்பர் பேண்டு எல்லாத்தையும் எடுத்து ஓரமா வச்சிடுங்க. முன்நெத்தி ஓரம் ஏறுதுன்னு எழுதியிருக்கீங்களே, உங்க லெட்டர்லயே என்னை ரொம்ப உறுத்துன வரி அதுதான். இழுத்துக் கட்டுறதால வர்ற முடி இழப்பு அது, டிராக்ஷன் அலோபீசியான்னு சொல்லுவோம். 1907லயே கிரீன்லாந்துல முடியை உச்சியில இறுக்கிக் கட்டுற பொண்ணுங்ககிட்ட இதைப் பாத்து எழுதி வச்சிருக்காங்க, அதனால எந்த ஊர் முடியா இருந்தாலும் இழுத்தா வரும். ஆரம்பத்துலயே இழுக்குறதை நிறுத்திட்டா முடி திரும்ப வந்துடும், வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தா மயிர்க்கால் தழும்பாகி மூடிக்கும், அப்புறம் எந்த மருந்தாலயும் அதைத் திறக்க முடியாது. ஆறு வயசுதான் ஆகுதுங்கிறதால எனக்கு நம்பிக்கை நிறையவே இருக்கு. இனிமே எந்தப் பின்னல் போட்டாலும் அவ முகத்தைப் பாருங்க, முகம் சுளிச்சாலோ, நெத்தித் தோல் இழுபட்டாலோ, மறுநாள் வேர் பக்கத்துல குட்டி குட்டி பரு மாதிரி கிளம்பினாலோ இறுக்கம் ஜாஸ்தின்னு அர்த்தம். கொஞ்சம் பொறுத்துக்கோடா செல்லம்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த வலிதான் அவ தலை நமக்கு சொல்ற சேதி.

இப்ப மத்த விஷயம். உங்க அம்மா உங்களுக்குச் செஞ்சதை நீங்க அப்படியே உங்க பொண்ணுக்குச் செய்றீங்க. தினமும் எண்ணெய், வாரம் ரெண்டு தடவை தலைக்கு ஊத்துறது, ஈரம் போக காயவச்ச அப்புறம் சீப்பு, வகிடு எடுத்து படிய வாரி இறுக்கப் பின்னல். உங்க முடிக்கும் என் முடிக்கும் அது பொருத்தமான முறைதான், தலைமுறை தலைமுறையா கை பாத்துக் கை பழகி வந்தது. ஆனா அந்தக் கை பழகுனது வேற முடியில. உங்க பொண்ணு தலையில இருக்குறது அப்பா வழி முடி, அதுக்கு ஈரம், எண்ணெய், சீப்பு மூணுமே வேற மாதிரி வேலை செய்யும்.

இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். சென்னையில தோல் டாக்டருக்குப் படிச்சுட்டு இங்க லண்டனுக்கு வந்த புதுசுல, ஜமைக்கா வம்சாவளியில வந்த ஒரு அம்மா பொடுகுன்னு வந்தாங்க, நான் சென்னையில எல்லாருக்கும் சொல்ற மாதிரியே தினமும் மருந்து ஷாம்பூ போட்டுக் குளிங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆறு வாரம் கழிச்சு வந்தாங்க, பொடுகு போயிருந்துச்சு, கூடவே பொத்திப் பொத்தி வளத்த முடியில பாதி உடைஞ்சு போயிருந்துச்சு. அவங்க சத்தம் போடல, என் தலையைத் தொட்டே பாக்கலையேன்னு மட்டும் கேட்டாங்க. நான் படிச்ச புஸ்தகத்துல எல்லாம் ஒரே மாதிரி முடிதான் இருந்துச்சு, அந்த அம்மாவுக்கு அப்புறம்தான் நான் இந்த முடியை உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன், அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு நீளமா எழுதுறேன்.

வீட்டுல இடியாப்ப உரல் இருக்கும்ல, அதை நினைச்சுக்கங்க. அச்சுல கண்ணு வட்டமா இருந்து உரலை நேரா பிடிச்சு அமுக்கினா நூல் வட்டமா நேரா விழும், ரிப்பன் பக்கோடா அச்சு போட்டா மாவு பட்டையா வரும். தலைத்தோலுக்குள்ள இருக்குற மயிர்க்கால் ஒவ்வொண்ணும் அப்படி ஒரு உரல்தான். உங்க தலையில அது கிட்டத்தட்ட நேரா நிக்குது, அதுல இருந்து வர்ற முடியைக் குறுக்கா வெட்டி மைக்ராஸ்கோப்புல பாத்தா வட்டத்துக்குக் கிட்ட இருக்கும். உங்க பொண்ணுக்கு மயிர்க்காலே அடியில கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு, அதுக்குள்ள ஒரு பக்கத்து செல் சீக்கிரம் இறுகுது, இன்னொரு பக்கம் கொஞ்சம் தாமசமா இறுகுது, அதனால முடி பட்டையா, வெளிய வரும்போதே திருகிக்கிட்டு வருது. சரக்கு ரெண்டுலயும் ஒண்ணுதான், அதே கெரட்டின் புரதம், அதே கந்தகப் பிணைப்பு. மட்டமான முடி நல்ல முடின்னு எதுவும் கிடையாது, அச்சு மட்டும்தான் வேற.

அச்சு வேறங்கிற அந்த ஒரு காரணத்துல இருந்துதான் மிச்சம் எல்லாமே வருது. தலைத்தோல்ல இயற்கையா ஊறுற எண்ணெய் உங்க முடியில வேர்ல இருந்து நுனி வரைக்கும் வழுக்கிக்கிட்டு இறங்கிடும், ரெண்டு நாள் குளிக்கலைன்னா பிசுபிசுங்குதுல்ல, அதுதான். உங்க பொண்ணு முடியில அது ஒவ்வொரு சுருளாத் திரும்பித் திரும்பி இறங்கணும், பாதி வழி கூட போகாது, அதனால தலை எண்ணெய்ப்பசையா இருந்தாலும் நுனி காஞ்சு வைக்கோல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு வளைவுலயும் முடியோட மேல்செதில் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கும், சீப்பு இழுக்கும்போது விசை முழுக்க அந்த வளைவுல போய் விழும், அங்கதான் பட்டுன்னு உடையும். பக்கத்துப் பக்கத்து சுருள் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், சில நேரம் ஒரே முடி தனக்குத்தானே முடிச்சு போட்டுக்கும், நுனியில குட்டி மணி மாதிரி கையில தட்டுப்பட்டா அதுதான், அதைப் பிரிக்கப் போராடாதீங்க, சின்னக் கத்தரியால நறுக்கி விட்டுடுங்க.

ரெண்டு வருஷமா வளரலைன்னு சொன்னீங்க. வளருதும்மா, ஆனா வளர்ற வேகத்துக்கு நுனியில உடையுது, அதனால நீளம் ஒரே இடத்துல நிக்குது. ஆப்பிரிக்க வம்சாவளி முடி வளர்ற வேகமும் கொஞ்சம் கம்மிதான், 2001ல வந்த ஒரு ஆய்வுல அளந்து பாத்தப்போ ஒரு நாளைக்கு சராசரியா 0.26 மில்லிமீட்டர், ஐரோப்பிய முடி 0.4 கிட்ட, அப்படின்னா ஆப்பிரிக்க முடி மாசத்துக்கு முக்கா சென்டிமீட்டருக்கு சொச்சம். உங்க பொண்ணு ரெண்டு வழியும் கலந்தவ, அவ அளவு நடுவுல எங்கயாவது இருக்கலாம். இன்னொண்ணு, சுருங்குறது. இந்த முடி காஞ்சதும் தன் நீளத்துல பாதி, சிலருக்கு முக்கால்வாசி கூட சுருங்கிடும். குளிக்கும்போது பின்னாடி ஒரே ஒரு சுருளை மெல்ல இழுத்துப் பாருங்க, எவ்வளவு நீளம் அங்க ஒளிஞ்சிருக்குன்னு உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும், அவளுக்கும் கண்ணாடியில காட்டுங்க.

இப்ப அந்த ஈரத்தலை சங்கதி. ஈரத்துல சீவினா முடி போயிடும்னு அம்மா சொன்னது உங்களுக்கு உண்மை. தண்ணி பட்டதும் முடிக்குள்ள இருக்குற ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப் போகும், முடி ஊறி பலம் குறையும், நேர் முடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்ப இழுத்தா அறுந்துடும். ஆனா இறுக்கமான சுருள் முடியில அதே தண்ணி வேற ஒரு வேலையும் செய்யுது, சுருளைத் தளர்த்துது. சுருள் தளர்ந்தா சிக்கு தளரும், சீப்புக்கு வேண்டிய பலம் குறையும். காஞ்ச சுருள் முடியை சீவுறதுதான் அதுக்கு ரொம்ப ஆபத்து. நேர் முடிக்காரங்க காஞ்ச அப்புறம் சீவுங்க, இறுக்கமான சுருள் முடிக்காரங்க ஈரத்துல அகலப்பல் சீப்பால சீவுங்கன்னு அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கமும் ரெண்டு பேருக்கும் தனித்தனியாவே சொல்லுது. நீங்க தினமும் காலையில காஞ்ச முடியில முக்கா மணி நேரம் சீப்பு இழுத்திருக்கீங்க, அவ அழுததுக்கும் உடைஞ்சதுக்கும் காரணம் அதுதான். ஈரத்தலையோட இருந்தா தலையில நீர் கோத்துக்கும் சளி பிடிக்கும்னு உங்க அம்மா போன்ல சொல்லுவாங்க, நீங்க நர்ஸ், சளி வைரஸால வர்றதுன்னு உங்களுக்கே தெரியும், ரூம்ல ஹீட்டரைப் போட்டுக்கங்க அது போதும்.

அதனால இனிமே தினசரி சீவுறது கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள், பத்து நாள் ஆனாலும் பரவாயில்ல, சனிக்கிழமை காலையில அவளுக்குப் பிடிச்ச கார்ட்டூனைப் போட்டு விட்டு ரெண்டு மணி நேரம் ஒதுக்கிடுங்க, முதல் ரெண்டு மூணு வாரம் அதைவிட ஜாஸ்தி கூட ஆகும். நீங்க வைக்கிற தேங்காய் எண்ணெய்க்கு சரியான நேரம் இதுதான், குளிக்கிறதுக்கு முன்னாடி. தேங்காய் எண்ணெய்ல இருக்குற லாரிக் அமிலம் சின்ன நேரான மூலக்கூறு, முடிக்குள்ளயே இறங்கி கழுவும்போது புரதம் வெளிய போறதைக் குறைக்கும், மும்பையில இருந்து 2003ல வந்த ஆராய்ச்சி சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் ரெண்டோடயும் ஒப்பிட்டுப் பாத்து தேங்காய் எண்ணெய்தான் இதைச் செய்யுதுன்னு காட்டியிருக்கு, நம்ம பாட்டிங்க கை சரியான எண்ணெய்க்குத்தான் போயிருக்கு. ஆனா எண்ணெய் ஈரப்பதம் குடுக்காது, இருக்குற ஈரத்தைப் பூட்டி வைக்கத்தான் செய்யும், காஞ்ச முடி மேல தினமும் எண்ணெய் வச்சா காஞ்ச முடியைத்தான் பூட்டுறோம். அதனால நுனியில இருந்து நடு முடி வரைக்கும் தடவி அரை மணி நேரம், தலைத்தோல்ல தேய்க்க வேண்டாம்.

அப்புறம் விரலாலயே ஆறு எட்டு பாகமா பிரிச்சு கிளிப் போட்டுடுங்க. ஷாம்பூ சல்ஃபேட் இல்லாததா, கொஞ்சமா, தலைத்தோல்ல மட்டும் விரல் நுனியால, நம்ம ஊர்ல பண்ற மாதிரி முடியை எல்லாம் உச்சியில குவிச்சு வச்சு நுரை வர கசக்கக் கூடாது, அங்கயே பாதி சிக்கு விழுந்துடும். சீயக்காய் வேண்டாம், சீயக்காய் மேல எனக்கு மரியாதை உண்டு, ஆனா அந்தப் பொடி இந்த சுருளுக்குள்ள புகுந்துட்டா அலசி எடுக்க முடியாது. கழுவினதும் கண்டிஷனர், நீங்க உங்களுக்கு எடுக்குற அளவுல மூணு மடங்கு நாலு மடங்கு, கஞ்சத்தனம் வேண்டாம். கண்டிஷனர்ல பாசிட்டிவ் மின்னூட்டம் உள்ள பொருள் இருக்கும், அடிபட்ட முடியோட மேல்பரப்பு நெகட்டிவ், அதனால எங்க அடிபட்டிருக்கோ அங்க போய் நல்லா ஒட்டிக்கும், செதில் படியும், முடி மேல முடி வழுக்கும். அந்த வழுக்கல்லதான் சிக்கு எடுக்கணும். ஒரு பாகத்தை மட்டும் அவுத்து, முதல்ல விரலால, அப்புறம் அகலப்பல் சீப்பால, நுனியில ஒரு இஞ்ச்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறுங்க, இன்னொரு கையால வேர் பக்கத்தை கெட்டியா பிடிச்சுக்கிட்டா இழுப்பு தலைத்தோலுக்குப் போகாது, அவளுக்கு வலிக்காது. முடிச்ச பாகத்தை லூசா முறுக்கி விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. முறுக்கினபடியே அலசுங்க. துண்டால துவட்டாதீங்க, பழைய பனியன் துணியால ஒத்தி எடுங்க.

சொட்டு நிக்குற அளவுக்கு ஈரம் இருக்கும்போதே கழுவாம விடுற கிரீம், அதான் லீவ்-இன்னு எழுதியிருக்கும், அதைத் தடவி அது மேல நுனிக்கு மட்டும் கொஞ்சம் ஷியா பட்டர். இதுக்கு உங்க மாமியார்கிட்டயே கேளுங்க, ஷியா மரம் மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில வளர்றது, தலைமுறை தலைமுறையா பொம்பளைங்கதான் அந்தக் கொட்டையை வறுத்து அரைச்சு வெண்ணெய் எடுக்குறாங்க, நமக்கு தேங்காய் எப்படியோ அவங்களுக்கு அது. பெக்கம் ரை லேன்லயும் டால்ஸ்டன் ரிட்லி ரோடு மார்க்கெட்லயும் தேடினா கிடைக்கும். கடைசியா ஒவ்வொரு பாகத்தையும் ரெண்டு புரியா முறுக்கி விட்டுடுங்க, டூ ஸ்ட்ராண்ட் ட்விஸ்ட்னு சொல்லுவாங்க, கயிறு திரிக்கிற மாதிரிதான். அப்படியே ஸ்கூலுக்கு அனுப்பலாம், ஒரு வாரம் நிக்கும், காலையில தண்ணி ஸ்பிரே பண்ணி நுனியில கொஞ்சம் கிரீம் தொட்டு விட்டா அஞ்சு நிமிஷ வேலை. ராத்திரி சாட்டின் தொப்பி இல்லைன்னா சாட்டின் தலையணை உறை, பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சிடும், தூக்கத்துல புரளப் புரள முடியை உரசியும் விடும்.

4ஏ, 4பி, 4சின்னு முடிக்கு நம்பர் குடுக்குறதை நீங்க எங்கயாவது பாத்திருப்பீங்க, ஓப்ரா வின்ஃப்ரேக்கு முடி அலங்காரம் பண்ண ஆண்ட்ரே வாக்கர் ஆரம்பிச்ச வகைப்பாட்டுல இருந்து வந்தது அது. என்னைக் கேட்டா அந்த நம்பரைத் தேடி நேரத்தை செலவழிக்காதீங்க, ஒரே தலையில உச்சியில ஒரு வகை, பிடரியில ஒரு வகை இருக்குறது ரொம்ப சாதாரணம், கையில எப்படிப் படுதோ அப்படிப் பாத்துக்கங்க.

ஒரு எச்சரிக்கை மட்டும் இங்கயே சொல்லிடுறேன். தலையில செதில் செதிலா வட்டமா ஒரு இடத்துல உதிர்ந்து, அங்க முடி ஒட்ட உடைஞ்சு கறுப்புப் புள்ளி மாதிரி தெரிஞ்சு, கழுத்துக்குப் பின்னாடி நெறி கட்டியிருந்தா அது பொடுகு இல்ல, பிள்ளைங்க தலையில வர்ற படர்தாமரை. லண்டன்ல நாங்க நிறைய பாக்குறோம், சீப்பு தொப்பி மாத்திக்கிறதுல பரவும். எண்ணெயோ ஷாம்பூவோ மட்டும் போட்டா போகாது, வாய் வழியா பூஞ்சை மருந்து வாரக்கணக்குல குடுக்கணும், அதனால ஜிபிகிட்ட, அதான் உங்க குடும்ப டாக்டர்கிட்ட, உடனே காட்டணும்.

மொட்டை விஷயம். அம்மா மேல கோபப்படாதீங்க, நம்ம ஊர்ல எல்லாரும் நம்புறதுதான். இடியாப்ப நூலை எத்தனை தடவை கத்தரிச்சாலும் அச்சு மாறாதுல்ல, மொட்டை எடுக்குறது தோலுக்கு மேல இருக்குற நூலை, அச்சு தோலுக்கு அடியில இருக்கு. சிரைச்சா முடியோட தடிமனோ வேகமோ மாறாதுன்னு 1928லயே அளந்து பாத்து எழுதிட்டாங்க. முதல் மொட்டைக்கு அப்புறம்தான் சுருண்டுச்சுன்னு நீங்க பாத்தது நிஜம், ஆனா மொட்டையால சுருளல, குழந்தை முடி உதிர்ந்து நிரந்தர முடி வர்ற வயசும் மொட்டை போடுற வயசும் ஒண்ணா அமைஞ்சு போச்சு, அவ்வளவுதான். சாமிக்கு நேர்ந்துக்கிட்டதுன்னா தாராளமா போடுங்க, அது உங்க நம்பிக்கை. நேராக்குறதுக்காக போடாதீங்க, இருக்குற முடியையும் எடுத்துட்டா அந்தக் குழந்தை மனசுல அது என்னவா பதியும்னு யோசிங்க.

ரிலாக்ஸர் டப்பாவை தயவுசெஞ்சு திறக்காதீங்க. ரிலாக்ஸர்ங்கிறது காரம், ஒண்ணு சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது சோப்பு காய்ச்சுற காஸ்டிக் சோடா, இல்லைன்னா கால்சியம் ஹைட்ராக்சைடும் குவானிடின் கார்பனேட்டும் கலந்தது. பிள்ளைங்களுக்கானதுன்னு விக்குறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை, நோ-லைன்னு, அதாவது காஸ்டிக் சோடா இல்லைன்னு போட்டிருப்பாங்க, பேர்தான் சாது, அதோட பிஹெச்சும் 12க்கு மேலதான். அது முடிக்குள்ள இருக்குற கந்தகப் பிணைப்பை உடைச்சு வேற பிணைப்பா மாத்திடும், திரும்பி வராது, தலைத்தோல்ல பட்டா வெந்து போகும். புதுசா வளர்ற முடி சுருளாத்தான் வரும், சுருளும் நேரும் சேர்ற இடம் ரொம்ப பலவீனம், அங்க உடையும், அதை மறைக்க ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை திரும்பவும் போடணும், அப்படியே வருஷக்கணக்கா போகும். 2022 அக்டோபர்ல அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனம் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருஷம் தொடர்ந்து பாத்தது, முடியை நேராக்குற ரசாயனத்தை ஆய்வுல சேர்றதுக்கு முந்தின வருஷத்துல நாலு தடவைக்கு மேல போட்டவங்களுக்கு 70 வயசுக்குள்ள கர்ப்பப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு 4.05 சதவீதம், போடவே போடாதவங்களுக்கு 1.64. ரசாயனம்தான் காரணம்னு அது நிரூபிக்கல, தொடர்பு இருக்குன்னு காட்டுது, அதுவும் பெரியவங்ககிட்ட. ஆனா ஆறு வயசுல ஆரம்பிச்சா எத்தனை வருஷம் போடுவா, கணக்குப் போட்டுப் பாருங்க. வளர்ந்து பெரிய பொண்ணாகி எல்லாம் தெரிஞ்சு அவளே முடிவு பண்ணா அது அவ இஷ்டம், இன்னிக்கு அவளுக்காக அந்த முடிவை யாரும் எடுக்க வேண்டாம். கெரட்டின் ட்ரீட்மென்ட்னு யாராவது சொன்னாலும் வேண்டாம்னுடுங்க, சூடு காட்டும்போது பலதுல ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பும்.

ஸ்கூல் நோட்டுக்கு பயப்படாதீங்க. இங்க பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம் இருக்கு, சமத்துவ மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபர்லயே பள்ளிக்கூடங்களுக்குத் தெளிவா வழிகாட்டுதல் குடுத்திருக்கு, ஆஃப்ரோ, கார்ன்ரோ, பிரெய்டு, லாக்ஸ் மாதிரி இனத்தோட சம்பந்தப்பட்ட முடியைத் தடுக்குற விதி, விதிவிலக்கே இல்லாம வச்சா, சட்டவிரோதமா இருக்க வாய்ப்பு அதிகம்னு. சண்டைக்குப் போகாம மரியாதையா ஒரு லெட்டர் எழுதுங்க, முடியை இறுக்கிக் கட்டினதால முன்நெத்தியில முடி இழப்பு ஆரம்பிச்சிருக்கு, டாக்டர் தளர்வா விடச் சொல்லியிருக்காங்க, ட்விஸ்ட் போட்டு அனுப்புறோம்னு, கூடவே அந்த வழிகாட்டுதலையும் இணைச்சு விடுங்க. டீச்சருக்குத் தெரியாமலும் இருக்கலாம், முடி வெட்டுறவங்களுக்கே எல்லா வகை முடியும் கத்துக்கணும்னு தொழில் தரநிலையில சேர்த்தது 2021லதான்.

பொண்ணு கேட்ட கேள்விக்கு வர்றேன், ஏன் கீழ விழலைன்னு. அவளுக்கு நீங்க உண்மையான பதிலே சொல்லலாம். 2023ல விஞ்ஞானிங்க ஒரு பொம்மை செஞ்சு அதுக்குள்ள மனுஷ உடம்பு மாதிரி சூடு வச்சு, தலைக்கு நேர் முடி விக், சுருட்டை விக், ரொம்ப இறுக்கமா சுருண்ட விக்னு மாத்தி மாத்தி மாட்டி, மேல இருந்து வெயில் மாதிரி விளக்கு அடிச்சுப் பாத்தாங்க. எல்லா முடியும் தலையைக் காப்பாத்துச்சு, ஆனா இறுக்கமா சுருண்ட முடிதான் வெயில் சூட்டைத் தலைத்தோலுக்கு வரவிடாம நல்லா தடுத்துச்சு, உடம்பு வேர்த்து வீணாக்க வேண்டிய தண்ணியும் குறைஞ்சுது. மனுஷங்க எல்லாரும் ஆப்பிரிக்க வெயில்ல நடந்து திரிஞ்ச காலத்துல மூளையைக் குளுமையா வச்சிருக்க இப்படி ஒரு முடி உதவியிருக்கும்ங்கிறது அவங்க கருத்து. அதனால சொல்லுங்க, அம்மா முடி கீழ விழுது, உன் முடி எழுந்து நிக்குது, நின்னு உன் தலைக்குக் குடை பிடிக்குதுன்னு. அப்புறம் நைஜீரிய புகைப்படக்காரர் ஒக்காய் ஒஜெய்கெரேயோட படங்களைத் தேடி அவகூட உக்காந்து பாருங்க, 1968ல ஆரம்பிச்சு ஊர் ஊரா போய் அவங்க ஊர்ப் பெண்களோட தலை அலங்காரத்தை மட்டும் ஆயிரம் படத்துக்குப் பக்கமா எடுத்து வச்சிருக்கார், கோபுரம் மாதிரி, கூடை மாதிரி, விசிறி மாதிரி. அதுல எதுவும் நம்ம தலையில நிக்காதும்மா, அவ தலையில நிக்கும். வீட்டுல யாராவது பரட்டைத் தலைன்னு செல்லமா கூட சொல்லிக்கிட்டிருந்தா அந்த வார்த்தையை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க, பிள்ளைங்க அதையெல்லாம் மறக்குறதே இல்ல.

மாமியார் வர்றாங்கன்னு லெட்டர்ல ஒரு வரியில முடிச்சுட்டீங்க, எனக்கு அதுதான் பெரிய நல்ல சேதியா பட்டுச்சு. யொருபாக்காரங்க கறுப்பு நூலை முடியில வேர்ல இருந்து நுனி வரைக்கும் சுத்திக் கட்டுவாங்க, இருன் கிகோன்னு பேரு, சூடும் இல்லாம ரசாயனமும் இல்லாம சுருளை நீட்டி வைக்கும், சிக்கும் குறையும், நீளமும் தெரியும். அவங்களுக்குத் தெரியும்னா பக்கத்துல உக்காந்து கத்துக்கங்க, உங்க அம்மா உங்களுக்குப் பின்னினது எப்படி உங்க கையில இருக்கோ அப்படி இது அவங்க கையில இருக்கும். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, வேர்ல இறுக்க வேண்டாம், நெத்தி ஓரத்து முடியை ஆறு மாசத்துக்கு நூல்லயும் பின்னல்லயும் சேர்க்க வேண்டாம், சும்மா விட்டுடணும்னு. மாசம் ஒரு தடவை ஒரே இடத்துல ஒரே வெளிச்சத்துல அந்த ஓரத்தை போட்டோ எடுத்து வைங்க. மூணு மாசத்துல அங்க பூனைமுடி மாதிரி புதுசா எதுவும் முளைக்கலைன்னா போட்டோவோட ஜிபிகிட்ட போய் தோல் டாக்டருக்கு அனுப்பச் சொல்லுங்க, சரியாகிடும்னு சொல்லி அனுப்பினாலும் விடாதீங்க, திரும்பப் போய் கேளுங்க.